ஆழமில்லாத நீரிணை வழியே இரண்டு கடல்கள் உப்பு மாற்றிக்கொள்வதை மாடல் செய்வது எப்படி

இரண்டு கடல்கள். ஒன்றில் உப்பு அதிகம், மற்றொன்றில் குறைவு. நடுவே ஆழமில்லாத ஒரு நீரிணை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு உப்பு போகிறது என்று கணக்குப் போட வேண்டும். இதற்கு உட்காருகிற பலரும் நேராக ஒரு முப்பரிமாணக் கடல் மாடலை இறக்கி, கட்டம் போட்டு, காற்றுத் தரவை ஊட்டி ஓடவிட்டு, சில மாதம் கழித்து உட்கடலின் (அதாவது நிலம் சூழ்ந்து, நீரிணை வழியே மட்டும் வெளிக்கடலோடு இணைந்த கடலின்) உப்பு ஏன் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த மாடலுக்கும் ஒரு இடம் உண்டு, கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றி வரும்: நீரிணையைத் தாண்டிய உப்பில் எவ்வளவு திரும்பி வராமல் அந்தப் பக்கமே தங்கியது? மாடலில் வருகிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

முதலில் வரவு செலவு

டென்மார்க்கைச் சேர்ந்த இயற்பியலாளர் மார்ட்டின் க்னுட்சன் 1900-இல் எழுதிவைத்த இரண்டு சமன்பாடுகள் இன்றைக்கும் போதும். ஒன்று நீர்க் கணக்கு: உட்கடலை விட்டு வெளியேறும் நீர், உள்ளே வரும் நீரும் நிகர நன்னீரும் சேர்ந்ததற்குச் சமம். நிகர நன்னீர் என்றால் ஆறும் மழையும் கொண்டுவந்ததில் ஆவியானதைக் கழித்த மிச்சம். இரண்டாவது உப்புக் கணக்கு: வெளியேறும் நீரை அதன் உப்பால் பெருக்கினால் வருவதும், உள்ளே வரும் நீரை அதன் உப்பால் பெருக்கினால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆற்றுநீரில் உப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தால்:

வெளியேற்றம் = நன்னீர் × உள்வரும் உப்பு ÷ (உள்வரும் உப்பு − வெளியேறும் உப்பு)

உள்வரத்து = நன்னீர் × வெளியேறும் உப்பு ÷ (உள்வரும் உப்பு − வெளியேறும் உப்பு)

பாஸ்பரஸ் நீரிணையில் போட்டுப் பாருங்கள். கருங்கடலிலிருந்து மேலடுக்காக வெளியேறும் நீரில் கிலோவுக்குச் சுமார் 18 கிராம் உப்பு. அடியில் மர்மரா கடல் பக்கமிருந்து புகுந்து, கருங்கடலைத் தொடும்போது அந்த நீரின் உப்பு சுமார் 35. கருங்கடலுக்குக் கிடைக்கும் நிகர நன்னீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கன கிலோமீட்டர். 300-ஐ 35-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்தால் வெளியேற்றம் 618. அதே போல உள்வரத்து 318. கடல் ஆய்வாளர்கள் இந்த நீரிணைக்குச் சொல்லிவருகிற சராசரிகள் சுமார் 600, 300. மூன்று எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கமாக வருகிறது!

பால்டிக் கடலின் கணக்கு இன்னும் அழகு. வெளியேறும் உப்பு 8.7, உள்வரும் உப்பு 17.4 என்று எடுத்தால், ஒன்று மற்றதன் சரிபாதி. அப்படியென்றால் உள்ளே வரும் கடல்நீர் ஆற்றுநீருக்குச் சமம், அதாவது ஆண்டுக்குச் சுமார் 470 கன கி.மீ., வெளியேறுவது அதன் இரட்டிப்பு. பால்டிக்கின் மொத்தக் கனஅளவு சுமார் 21,000 கன கி.மீ. அதை வெளியேற்றத்தால் வகுத்தால் 22 வருடம் வருகிறது. இந்த 22-ஐ மறக்காமல் குறித்துவையுங்கள். ஒரு கடலின் உப்பு புதிய நிலைக்கு வர இவ்வளவு காலம் எடுக்கும் என்றால், இரண்டு வருடம் ஓட்டிய மாடலை வைத்துக்கொண்டு அதன் சராசரி உப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று மடங்கு காலம் ஓட்ட வேண்டும். கையில் அவ்வளவு கணினி நேரம் இல்லையென்றால், தொடக்க உப்பை அளவீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, சராசரியை விட்டுவிட்டு அது மாறுகிற போக்கைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வகுக்கும் இடத்தில் இருப்பது இரண்டு உப்புகளின் வித்தியாசம். பாஸ்பரஸில் அது 17, அதனால் 18-க்குப் பதில் 19 என்று அளந்துவிட்டாலும் வெளியேற்றம் 6 சதவீதம்தான் மாறும். ஜிப்ரால்டரில் உள்ளே போகும் அட்லான்டிக் நீர் சுமார் 36.2, வெளியே வரும் மத்தியதரைக் கடல் நீர் சுமார் 38.4 (அங்கே ஆவியாவது அதிகம் என்பதால் திசை தலைகீழ்). வித்தியாசம் 2.2 மட்டுமே. 0.2 பிசகினால் பதில் 10 சதவீதம் ஓடிவிடும். அப்புறம், உப்பை எந்த இடத்தில் அளந்தது என்பதும் முக்கியம். பாஸ்பரஸின் தெற்கு வாயிலில் அடிநீர் கிட்டத்தட்ட 38, வடக்கே போய்ச் சேரும்போது 35. வழியிலேயே மேல்நீருடன் கலந்துவிடுகிறது. கணக்கின் எல்லைக்கோட்டை எங்கே போட்டீர்களோ, அந்தக் கோட்டில் இருக்கும் உப்பைத்தான் எடுக்க வேண்டும். தெற்கு வாயில் உப்பையும் வடக்கு வாயில் உப்பையும் கலந்து போட்ட கணக்குகளை அடிக்கடி பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அலகு விஷயம் சின்னது, ஆனால் நேரத்தைத் தின்னும்: நொடிக்கு 1,000 கன மீட்டர் என்பது ஆண்டுக்கு 31.5 கன கி.மீ. இதை மேசையில் ஒட்டிவையுங்கள்.

உங்கள் நீரிணை எந்த ரகம்?

நீரிணையில் நீரை இரண்டு விஷயங்கள் தள்ளுகின்றன. ஒன்று அடர்த்தி வேறுபாடு. கனமான உப்புநீர் அடியில் ஒரு பக்கம் போக, லேசான நீர் மேலே எதிர்ப்பக்கம் போகும். இத்தாலியரான மார்சிலி பாஸ்பரஸில் வெள்ளைப் பூச்சடித்த தக்கைகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஆழம் போகப்போக அவை எதிர்த்திசைக்கு வளைவதைப் பார்த்தார். பிறகு ஒரு தொட்டியின் நடுவே தடுப்பு வைத்து, ஒரு பக்கம் கனமான நீரும் மறுபக்கம் லேசான நீரும் ஊற்றி, தடுப்பில் ஓட்டை போட்டு அதே இரட்டை ஓட்டத்தைக் காட்டினார். 1681-இல் அதை அச்சிட்டும் விட்டார். இன்னொன்று நீர்மட்ட வேறுபாடு. காற்றும் ஓதமும் ஒரு பக்கத்தை உயர்த்தினால் மேலிருந்து அடி வரை மொத்த நீரும் ஒரே திசையில் ஓடும், அப்புறம் திரும்பி வரும்.

எது ஆள்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு. உப்பு கிலோவுக்கு 1 கிராம் கூடினால் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 0.77 கிலோ கூடும். அடர்த்தி வேறுபாட்டை மொத்த அடர்த்தியால் வகுத்து 9.81-ஆல் பெருக்கினால் கிடைப்பது குறைந்த ஈர்ப்பு. அதை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒரு வேகம் வரும், அதில் பாதிதான் அடர்த்தி மட்டும் தள்ளினால் ஒவ்வொரு அடுக்கும் எட்டக்கூடிய வேகம். பால்டிக்கின் வாயில்களில் ஒன்றான ஓரெசுன்டில் ட்ரோக்டன் மேட்டின் ஆழம் சுமார் 8 மீட்டர்தான். உப்பு வேறுபாடு 10 என்று வைத்தால் குறைந்த ஈர்ப்பு 0.075, வேகம் 0.77, அதில் பாதி நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காற்று வலுத்தால் அங்கே நொடிக்கு 1 மீட்டருக்கு மேலேயே ஓடும். ஆக, அந்த இடத்தில் நீர்மட்டம்தான் எஜமான். பாஸ்பரஸில் அடர்த்தியின் கை ஓங்கியிருக்கிறது, காற்று எப்போதாவது குறுக்கிடும்.

பெட்டி மாடல், வரி வரியாக

நீர்மட்டம் ஆளும் ரகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பைதானிலோ எக்செலிலோ பத்து வரிக்குள் முடிந்துவிடும் (கெழு என்பது நீரிணையின் அளவையும் உராய்வையும் அடக்கிய ஒரு எண், காலப்படி என்பது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான நேரம்):

மட்ட வேறுபாடு = வெளிக்கடல் மட்டம் − உட்கடல் மட்டம்
ஓட்டம் = கெழு × வர்க்கமூலம்(வேறுபாட்டின் அளவு) × வேறுபாட்டின் குறி
ஓட்டம் உள்ளே என்றால்: உப்போட்டம் = ஓட்டம் × வெளிக்கடல் உப்பு
ஓட்டம் வெளியே என்றால்: உப்போட்டம் = ஓட்டம் × உட்கடல் உப்பு
புதிய கனஅளவு = பழைய கனஅளவு + (ஓட்டம் + நன்னீர்) × காலப்படி
புதிய மொத்த உப்பு = பழைய மொத்த உப்பு + உப்போட்டம் × காலப்படி
உப்புத்தன்மை = மொத்த உப்பு ÷ கனஅளவு

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சேமித்து வைப்பது மொத்த உப்பை. உப்புத்தன்மையை ஒவ்வொரு படியிலும் வகுத்து எடுக்கிறோம். நேரடியாக உப்புத்தன்மையை மாற்றும் சமன்பாட்டை எழுதினால் கனஅளவு மாறும்போதெல்லாம் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டாவது, சராசரி ஓட்டத்தையும் சராசரி உப்பையும் பெருக்கி உப்போட்டம் எடுக்கவே கூடாது. உள்ளே வரும் நாட்களில் உப்பு அதிகம், வெளியே போகும் நாட்களில் குறைவு. இரண்டும் கைகோத்து ஆடுவதால் வருகிற பங்குதான் இந்த ரக நீரிணையில் உப்பை உள்ளே கொண்டுவருகிறது. சராசரியை மட்டும் பெருக்கினால் நிகர ஓட்டம் எப்போதும் வெளியேதான், உட்கடல் நன்னீர் ஏரியாகிவிடும்.

சரி, மேலே உள்ள நிரல் வேலை செய்யுமா? ஓடும். ஆனால் பதில் தவறாக இருக்கும். நானே இதில் பல வாரங்கள் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். என் உட்கடல் மிகவும் உப்பாக வந்துகொண்டே இருந்தது. உராய்வை மாற்றினேன், நன்னீரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலப்படியைப் பாதியாக்கினேன், உப்பு இறங்கிவிட்டது. காலப்படியை மாற்றினால் இயற்பியல் மாறக் கூடாதே! ஓட்டத்தைப் படிக்குப் படி வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மட்ட வேறுபாடு பூஜ்யத்தை நெருங்கும்போது வர்க்கமூலத்தின் சரிவு எல்லையின்றிச் செங்குத்தாகிறது; துளி வேறுபாட்டுக்கும் பெரிய ஓட்டம் வந்து, மட்டம் மறுபக்கம் தாண்டிவிடுகிறது, அடுத்த படியில் அதே அளவு திரும்பி வருகிறது. இப்படியே முன்னும் பின்னும். நீர்க் கணக்கில் இது தெரியவே தெரியாது, நிகரம் பூஜ்யம். ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே போனது வெளிக்கடல் உப்போடு, வெளியே திரும்பியது உட்கடல் உப்போடு. நொடிக்கு 50,000 கன மீட்டர், ஒரு மணிநேரப் படி என்று வையுங்கள்: ஒரு தள்ளலுக்கு 0.18 கன கி.மீ., வருடத்துக்கு 4,380 ஜோடி, மொத்தம் 788 கன கி.மீ. பரிமாற்றம். பால்டிக்கின் உண்மையான உள்வரத்தை விடப் பெரிய ஒரு போலி பம்ப்!

காலப்படியைக் குறைப்பது, அல்லது பூஜ்யத்துக்கு அருகே ஓட்டம் நேர்கோட்டில் குறையும்படி ஒரு நேரியல் உராய்வைச் சேர்ப்பது, இரண்டும் இந்த அதிர்வை நிறுத்தும். ஆனால் நோயின் வேர் அதில்லை. நிஜத்தில் காலையில் உள்ளே நுழைந்த நீர் மாலையில் வெளியே போகும்போது அது காலையில் வந்த அதே நீர்தான். நிரலோ, நீர் நீரிணையைத் தாண்டிய நொடியிலேயே முழுக் கடலோடும் கலந்துவிட்டதாக நினைக்கிறது. நீரிணைக்கு ஞாபகம் வேண்டும்.

அந்த ஞாபகத்தைக் கொடுக்க எனக்குப் பிடித்த வழி, நீரிணையை ஒரு வரிசையாக வைத்துக்கொள்வது. வரிசையில் நீர்ப் பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கனஅளவு, ஒரு உப்பு. ஓட்டம் உள்ளே என்றால் வெளிக்கடல் முனையில் புதுப் பொட்டலத்தைத் தள்ளு, உட்கடல் முனையில் அதே அளவை எடுத்து உட்கடலில் சேர். திரும்பினால் தலைகீழ். நீரிணையின் மொத்தக் கனஅளவு மாறாது. சும்மா முன்னும் பின்னும் ஆடும் ஓட்டம் இனி உப்பைக் கடத்தாது. நீரிணையின் முழு நீளத்தையும் தாண்டும் அளவுக்கு ஓட்டம் ஒரே திசையில் நீடித்தால்தான் வெளிக்கடல் நீர் உட்கடலைத் தொடும். கட்டங்களாகப் பிரித்தும் செய்யலாம், ஆனால் கட்டம் குறைவாக இருந்தால் எண்முறைக் கலப்பு (கணக்குமுறையே உண்டாக்கும் போலிக் கலப்பு) மறுபடி அதே போலி பம்பைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரும்.

ஓதம் உள்ள இடத்தில் நீர் எவ்வளவு தூரம் போய்த் திரும்பும் என்றும் பாருங்கள்: உச்ச வேகத்தை ஓதக் காலத்தால் பெருக்கி, 3.14-ஆல் வகுக்க வேண்டும். உச்ச வேகம் நொடிக்கு 0.5 மீட்டர், காலம் 12.4 மணி என்றால் சுமார் 7 கி.மீ. நீரிணை 30 கி.மீ. நீளம் என்றால் ஓதம் மட்டும் எதையும் கடத்தாது, உள்ளே கலக்கி விடும், அவ்வளவுதான். 3 கி.மீ. என்றால் தாண்டிவிடும். தாண்டிய நீரும் முழுக்கத் தங்கிவிடாது. வெளியே பாயும்போது அது தாரை மாதிரி நேராகப் போகிறது, திரும்ப உறிஞ்சும்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அதனால் போனதில் ஒரு பங்குதான் திரும்பும். அந்தப் பங்கை ஒரு தனி எண்ணாக வைத்து, அளவீட்டோடு பொருத்துங்கள்.

பால்டிக்கில் இது வெறும் கணக்கு நுணுக்கம் அல்ல. பெரிய உப்புநீர் வரத்து நடக்க, முதலில் கிழக்குக் காற்று கடல்மட்டத்தை இறக்க வேண்டும், பிறகு மேற்குக் காற்று விடாமல் அடித்து நீரிணைகள் நிறைந்து வழிய வேண்டும், பால்டிக்கின் வாயிலில் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும் டார்ஸ் என்ற கடலடி மேட்டையும் உப்புநீர் தாண்ட வேண்டும். 2014 டிசம்பரில் அப்படி நடந்தது: சுமார் 198 கன கி.மீ. நீர், 400 கோடி டன் உப்பு. வகுத்துப் பாருங்கள், கிலோவுக்கு ஏறத்தாழ 20 கிராம் வருகிறது, பொருத்தமாகவே இருக்கிறது. ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்து கிடக்கும் பள்ளங்களுக்கு இந்தக் கனமான நீர்தான் மூச்சு. அங்குள்ள காட் மீனின் முட்டை மிதக்கவே 11-க்கு மேல் உப்பு வேண்டும், அதோடு ஆக்சிஜனும் வேண்டும். நம் மாடல் போலி பம்பை வைத்து உப்பை ஏற்றிக்காட்டினால், பிழைக்காத மீனைப் பிழைத்ததாகச் சொல்கிறோம். அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அடர்த்தி ஆளும் ரகம்

இங்கே ஓட்டத்துக்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறது. நிகர ஓட்டம் இல்லாத, உராய்வில்லாத இரண்டு அடுக்குகளுக்கு, ஒரு குறுகலில் ஒவ்வொரு அடுக்கின் ஓட்டமும் அதிகபட்சம்: கால் பங்கு × அகலம் × ஆழம் × (குறைந்த ஈர்ப்பு × ஆழம்) என்பதன் வர்க்கமூலம். பாஸ்பரஸுக்கு 700 மீட்டர் அகலம், 35 மீட்டர் ஆழம், குறைந்த ஈர்ப்பு 0.127 என்று போட்டால் நொடிக்குச் சுமார் 12,900 கன மீட்டர், ஆண்டுக்கு 407 கன கி.மீ. நிஜ எண்களான 600, 300-க்கு நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்படத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 700 மீட்டர் என்பது நடுப்பகுதியின் மிகக் குறுகிய இடம், அங்கே ஆழம் 100 மீட்டரைத் தாண்டும். 35 மீட்டர் தெற்கே இருக்கும் மேட்டின் ஆழம், அங்கே அகலம் அதிகம். இரண்டு வேறு இடங்களின் குறைந்தபட்சங்களைச் சேர்த்து, இல்லாத ஒரு குறுக்குவெட்டைக் கற்பனை செய்திருக்கிறோம். உராய்வைக் கணக்கில் எடுக்காததும் சேர்ந்து, தற்செயலாகப் பொருந்தியது. வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் தனியாகக் கணக்கிட்டு, எது மிகக் குறைவோ அதைப் பிடியுங்கள்.

சராசரி ஓட்டத்தை மாறிலியாக வைத்து எதிர்காலத்தைக் கணக்கிடவும் கூடாது. உப்பு வேறுபாடு கூடினால் பரிமாற்றம் கூடும், பரிமாற்றம் கூடினால் வேறுபாடு குறையும். பரிமாற்றம் நன்னீரை விட மிகப் பெரிதாக இருக்கும் இடங்களில் இதைத் தீர்த்தால், உப்பு வேறுபாடு நன்னீரின் மூன்றில் இரண்டு என்ற அடுக்குக்குறிப்படி மாறும். நன்னீர் இரட்டித்தால் வேறுபாடு 1.59 மடங்கு. மாறிலி ஓட்டம் வைத்தவருக்கு இரண்டு மடங்கு வரும்.

முப்பரிமாணத்துக்குப் போகும்போது

இதுவரை செய்ததைத் தூக்கிப்போடாதீர்கள். பெரிய மாடலைச் சரிபார்க்கும் அளவுகோல் அதுதான். கட்டம் 4 கி.மீ. என்றால் 700 மீட்டர் நீரிணை 4 கி.மீ. அகலமாகிவிடும், பரிமாற்றம் ஆறு மடங்குக்கு நெருக்கமாகப் பெருகும். கட்டத்தின் பக்கச்சுவரில் ஒரு பங்கை மட்டும் திறந்துவைக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உராய்வைக் கூட்டி ஓட்டத்தை அடக்குவது இரண்டாம்பட்சம், ஏனென்றால் அது கலப்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

நன்னீரை நிஜமான நீராகவே சேருங்கள். உலகக் கடல் மாடல்களில் மழைக்குப் பதிலாக உப்பைக் கழிக்கும் ஒரு குறுக்குவழி உண்டு, அதில் 35 என்ற நிலையான உப்பை வைத்துப் பெருக்குவார்கள். 7 உப்புள்ள கடலில் அதே 35-ஐ வைத்தால் ஒரே மழை ஐந்து மடங்கு உப்பைக் கழித்துவிடும். மேற்பரப்பு உப்பை அளவீட்டை நோக்கி இழுக்கும் விசையையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நீரிணை என்ன தவறு செய்தாலும் வெளியே தெரியாது. உப்பைக் கடத்தும் எண்முறைக்கு, வரம்பு கட்டிய உயர்தர முறை ஒன்றை எடுங்கள். எளிய முறை அடுக்குகளைக் கரைத்துவிடும், வரம்பில்லாத முறை எதிர்க்குறி உப்பைக் காட்டும்.

முதல் சோதனை, காற்றும் நன்னீரும் இல்லாமல் எல்லைகளை மூடிவிட்டு ஓட்டுவது. மொத்த உப்பு கணினியின் துல்லியம் வரை மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து, காலப்படியைப் பாதியாக்கிப் பார்ப்பது. பிறகு தீவிர நாட்கள்: பாஸ்பரஸில் பலத்த தெற்குக் காற்று மேலடுக்கையே திருப்பிவிடும், கருங்கடலின் மட்டம் உயர்ந்தால் அடியடுக்கு அடைபடும். இரண்டையும் உங்கள் மாடல் தானாகக் காட்டுகிறதா?

கடைசியாக, சாயச் சோதனை. வெளிக்கடல் நீர் முழுவதற்கும் ஒரு சாயம் கொடுங்கள், உட்கடலுக்கு வேறொன்று. நீரிணையின் இரண்டு முனைகளிலும் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு மணிக்கும் கடக்கும் நீரை உப்பின் அளவுப்படி 0.5 கிராம் இடைவெளியுள்ள வகைகளாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே உப்போடு போய் அதே உப்போடு திரும்பிய நீர் அந்தந்த வகைக்குள்ளேயே கழிந்துவிடும். ஒரு வருடக் கூட்டலில் உள்ளே என்று மிஞ்சிய வகைகளைத் தனியாகவும், வெளியே என்று மிஞ்சியவற்றைத் தனியாகவும் சேர்த்து, உட்கடலில் தேங்கிய வெளிச் சாயத்தோடு ஒப்பிடுங்கள், பிறகு தாளில் போட்ட க்னுட்சன் எண்களோடும். மூன்றும் பத்து சதவீதத்துக்குள் வந்தால் அடுத்த வருடத்துக்கு ஓட்டலாம். வராவிட்டால், எந்த உப்பு வகையில் வித்தியாசம் குவிந்திருக்கிறது என்று பாருங்கள், பிழை நீரிணையின் எந்த முனையில் இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.